கைம்முதல் குறைந்த திரைப்படங்கள்: 'ஜகாட்' வரை ஒரு நோக்கு

மலேசியாவில் ஒரு தமிழ்த் திரைப்படம் வெளியாகும் போதெல்லாம் அதைப் பற்றி மேடையிலும் ஏட்டிலும் தவறாமல் ஒலிக்கும் தொடர் ஒன்று உண்டு. "குறைந்த செலவில் எடுத்திருக்கிறார்கள், நம்மவர் படம், ஆதரவு தரவேண்டும்" என்பதே அது. இதைச் சொல்வோரின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆயினும் இது திறனாய்வு அன்று. மொய் எழுதுவதற்கு ஒப்பானது. ஒரு சிறுகதையைப் படிப்பவர், அதை எழுதியவரின் மாத ஊதியம் எவ்வளவு என்று கேட்பதில்லை. கவிதைக்குத் தாளும் மையும் போதும் என்பதனால் அங்கே அந்தக் கேள்விக்கு இடமே எழுவதில்லை. திரைப்படத்தின் நிலை வேறு. பணம் இல்லாமை அதன் உடம்பிலேயே தழும்பாகப் பதிந்துவிடும். குரல் எதிரொலிக்கும், ஒரே காட்சியில் வெயில் மாறும், ஒருவருடைய தலைமுடி அடுத்த கணத்தில் நீண்டோ குறைந்தோ தோன்றும். இத்தழும்புகளைக் கண்டும் காணாதது போல் இருப்பது பரிவு ஆகலாம், ஆய்வு ஆகாது. அவற்றையே சுட்டிக்காட்டி ஒரு படத்தைத் தள்ளிவிடுவதும் ஆய்வு ஆகாது. எந்தக் குறை குறையாகவே நின்றுவிட்டது, எந்தக் குறை கலைஞனின் கையில் குணமாக மாறியது என்று பிரித்தறிவதே திறனாய்வாளனின் வேலை.

பினாங்குத் தீவின் தெற்கே பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் 1972ஆம் ஆண்டு சுதந்திர வர்த்தக வட்டாரம் அமைந்தது. மின்னணுத் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ரப்பர்த் தோட்டங்களில் வேலை சுருங்கச் சுருங்க, பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் பலர் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினர். அத்தகைய ஒரு தொழிற்பேட்டை ஊரில், கையில் ஒளிப்பதிவுக் கருவியும் நெஞ்சில் ஒரு கதையும் வைத்திருக்கும் இளைஞன் படம் எடுக்கத் துணிந்தால், அவனுடைய முதல் எதிரி பணம் அன்று, காலம். அவனுக்குப் பகல்முறை வேலையென்றால் அவன் நண்பனுக்கு இரவுமுறை. ஆறு பேர் ஓரிடத்தில் கூட வேண்டுமாயின் ஞாயிற்றுக்கிழமை வரவேண்டும்; அந்த ஞாயிற்றில் மழை பெய்யாதிருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து அதே வீட்டுக்குத் திரும்பினால், வீட்டுக்காரர் தீபாவளிக்குச் சுவரில் வேறு வண்ணம் பூசியிருப்பார். கதாநாயகிக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கும்.

இன்று படச்சுருளின் விலை என்னும் பெருந்தடை நீங்கிவிட்டது. எண்மக் கருவி வந்தபின் எவ்வளவு நேரமும் பதிவு செய்யலாம். ஆனால் தொடங்குவது எளிதாகிய அளவுக்கு முடிப்பது எளிதாகவில்லை. சுருள் விலை மிகுந்த காலத்தில், எடுக்குமுன் எண்ணிப் பார்த்தே தீரவேண்டியிருந்தது. இன்று எடுத்த பின்னர்தான் எண்ணத் தொடங்குகின்றனர். படத்தொகுப்பு, ஒலிக்கலவை, பின்னணி இசை ஆகியவற்றுக்கு வரும்போது கையிருப்புத் தீர்ந்திருக்கும். கைத்தொழிலாக அன்றி ஆர்வத்தால் மட்டும் படம் எடுப்போர் செய்யும் முதற்பிழை, கருவிக்கு முதலிடமும் ஒலிக்குக் கடைசி இடமும் தருவது. மங்கலான காட்சியைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வர். கேளாத உரையாடலைப் பொறுக்க மாட்டார்கள்.

இத்தகைய போராட்டத்துக்கு உலகறிந்த சான்று சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'. அப்படத்தைப் பற்றிப் பேசுவோர் அதன் புகழிலிருந்து தொடங்குவதால், அது ஒரு விளம்பர நிறுவன ஊழியரின் ஞாயிற்றுக்கிழமைப் படமாகவே பிறந்தது என்பதை மறந்துவிடுகின்றனர். 1952ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் நாணற்பூக்கள் நிறைந்த வெளியொன்றில் முதற்படப்பிடிப்பு நடந்தது. அடுத்த ஞாயிறு திரும்பிச் சென்றபோது அங்கே பூக்கள் இல்லை, மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மீண்டும் அவை பூக்கும்வரை ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்தே எஞ்சிய பகுதியை எடுக்க முடிந்தது. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா அதற்குமுன் திரைப்படக் கருவியை இயக்கியவர் அல்லர். ராய் தம் காப்புறுதிப் பத்திரத்தின்மேல் கடன் பெற்றார். நூல்களையும் இசைத்தட்டுகளையும் விற்றார். மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. அதுவும் தீர்ந்தபின் வேலை நின்றது. பின்னர் மேற்கு வங்க அரசு பணம் தந்தது. படத்தின் பெயரில் 'பாதை' இருந்ததால், அத்தொகை சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதப்பட்டது!

இவ்வரலாற்றில் திறனாய்வுக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. மிட்டாய்க்காரரின் பின்னால் சிறுவர் இருவரும் ஒரு நாயும் செல்லும் காட்சியின் ஒரு பகுதியை எடுத்தபின் பணம் தீர்ந்தது. மாதங்கள் கழிந்து எஞ்சிய பகுதியை எடுக்கச் சென்றபோது அந்த நாய் இறந்திருந்தது. அதைப் போன்ற வேறொரு நாயைத் தேடிப் பிடித்தனர். மிட்டாய்க்காரராக நடித்தவரும் இடையில் காலமானார். அவரைப் போன்ற பருத்த உடலினர் ஒருவரை முதுகுப்புறமாகக் காட்டி நிறைவு செய்தனர். பார்ப்பவர் எவரும் இதைக் கண்டுகொள்வதில்லை. காரணம் தந்திரத்தின் திறமை மட்டும் அன்று. காட்சியின் உயிர் நாயின் முகத்தில் இல்லை; கையில் காசில்லாத பிள்ளைகள் மிட்டாய்ப் பானையைப் பின்தொடரும் நடையில் இருக்கிறது. எது மாறினால் காட்சி சாகும், எது மாறினாலும் சாகாது என்பதை இயக்குநர் அறிந்திருந்தார். அப்பு வேடமிட்ட சிறுவனின் குரல் உடையாதிருந்ததும், துர்கா வளர்ந்துவிடாதிருந்ததும், முதியவரான சுனிபாலா தேவி படப்பிடிப்பு முடியும்வரை உயிரோடு இருந்ததும் தமக்கு வாய்த்த அற்புதங்கள் என்று ராய் பின்னாளில் எழுதினார். படம் வெளியாகுமுன் அந்த அம்மையார் காலமானார்.

தமிழில் இவ்வழியில் துணிந்தவர் ஓர் எழுத்தாளர் என்பது எழுத்தாளர்களுக்குப் பெருமை தரும் செய்தி. ஜெயகாந்தன் தம்முடைய 'உன்னைப்போல் ஒருவன்' கதையைத் தாமே இயக்கி, நண்பர்களின் துணையோடு ஆசிய ஜோதி பிலிம்ஸ் என்னும் பெயரில் படமாக்கினார். சென்னைச் சேரியில் வாழும் தங்கம். தந்தை இன்னாரென்று அறியாத அவள் மகன் சிட்டி. அவள் வாழ்வில் நுழையும் கிளி ஜோசியன் மாணிக்கம். அவன்மேல் சிறுவனுக்கு எழும் வெறுப்பு. இறுதியில் தாய் விட்டுச்செல்லும் குழந்தையை அவனே ஏந்திக்கொள்ளுதல் — கதை இவ்வளவுதான். தங்கமாக நடித்தவர் காந்திமதி. வீணைக் கலைஞர் சிட்டிபாபு இசையமைத்தார். பாடல்கள் இல்லை.

1965இல் வெளியான இப்படத்தைப் பற்றிப் பேசும்போது 'பாடல் இல்லை' என்பதைச் சிக்கனம் என்று சிலர் கருதக்கூடும். 'எங்க வீட்டுப் பிள்ளை'யும் 'திருவிளையாடலு'ம் வெளிவந்த ஆண்டு அது. பாடல்களே படத்தின் பாதி வாணிகமாக இருந்த காலத்தில் அவற்றை விடுவது செலவைக் குறைப்பதாகாது, வருவாயைத் துறப்பதாகும். சேரிச் சிறுவனின் சினம் பாட்டாக வெளிப்பட்டால் அது சினமாக இராது என்பதை உணர்ந்த எழுத்தாளரின் முடிவு அது. உருவமும் உள்ளடக்கமும் இங்கே பிணக்கின்றி நின்றன. 1964ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில், ராயின் 'சாருலதா' முதற்பரிசு பெற்ற அதே ஆண்டில், மூன்றாவது சிறந்த படத்துக்கான தகுதிச் சான்று இதற்குக் கிடைத்தது. ஆனால் திரையரங்குகளில் அது ஓடவில்லை. எடுத்து முடித்த படத்துக்கும் பார்வையாளனுக்கும் இடையில் விநியோகஸ்தர் என்னும் ஓர் ஆறு ஓடுகிறது. அதைக் கடக்க ஜனாதிபதியின் சான்றிதழ் ஓடமாகவில்லை. அடுத்து 1966இல் 'யாருக்காக அழுதான்' படத்தை எடுத்தபோது நாகேஷும் கே. ஆர். விஜயாவும் அதில் இடம்பெற்றனர். அறிமுகமான முகங்கள் வேண்டும் என்னும் சந்தையின் நெருக்கத்தை ஜெயகாந்தனும் முற்றிலும் தவிர்க்க இயலவில்லை என்றே இதைக் கொள்ளத் தோன்றுகிறது.

மலேசியாவுக்கு வருவோர் முதலில் ஒரு முரணைச் சந்திக்க நேரும். இந்நாட்டு மலாய்த் திரைப்படத்தின் தொடக்க காலத்தை உருவாக்கியவருள் இந்திய இயக்குநர் பலர் இருந்தனர். பி. எஸ். ராஜன்ஸ், எஸ். ராமநாதன், எல். கிருஷ்ணன் போன்றோர் சிங்கப்பூர் ஸ்டூடியோக்களில் பணியாற்றினர். பினாங்கு ஈன்ற பெருங்கலைஞர் பி. ரம்லியை முதன்முதலில் கதாநாயகனாக்கிய 'பக்தி' படத்தை 1950இல் இயக்கியவர் எல். கிருஷ்ணன். ஆயினும் அவர்கள் எடுத்தவை மலாய்ப் படங்களே. தமிழருக்கு வேண்டிய படங்கள் சென்னையிலிருந்து கப்பலேறி ஆயத்தமாக வந்துகொண்டிருந்தன. இங்கே ஒன்று எடுக்கவேண்டிய தேவை வாணிகருக்குத் தோன்றவில்லை. 1960களின் இறுதியில் எடுக்கப்பட்ட 'ரத்தப் பேய்' மலேசியாவின் முதல் தமிழ்ப்படமாகக் குறிப்பிடப்படுகிறது. 2005இல் தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' வந்தது. 1960களின் தோட்ட வாழ்வைக் காட்டிய அப்படம் எண்மக் கருவியால் எடுக்கப்பட்டு அயல்நாட்டு விழாக்களுக்குச் சென்றது. தோட்டத்து வாழ்வை அதன் மெதுவான ஓட்டத்திலேயே காட்டிய அந்த முயற்சிக்கு இந்நாட்டுத் தமிழ்ப் பார்வையாளர் பெருந்திரளாக வரவில்லை.

பத்தாண்டு கழித்து, 2015ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், சஞ்சய் குமார் பெருமாளின் முதல் முழுநீளப் படமான 'ஜகாட்' வெளிவந்தது. பெயரே ஒரு விமர்சனத்துக்கு உரியது. கடல்கடந்து வாழும் தமிழர் இதைக் கேட்டால் உலகம் என்னும் பொருள்தரும் 'ஜகத்' என்று எண்ணக்கூடும். மலேசியத் தமிழருக்கு அது, தீயது எனப் பொருள்படும் 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல். தோட்டத்து நாவில் ஒலிமாறி, குறும்புக்காரப் பிள்ளையையும் வன்முறையாளனையும் ஒரே அடியால் சுட்டும் சொல்லாயிற்று. குறும்பு எப்பொழுது வன்முறையாகிறது என்பதே படத்தின் வினா.

1990களின் தொடக்கம். தோட்டத்தை விட்டு வெளியேறி ஊரோரப் புறம்போக்கில் குடியேறிய குடும்பம். பன்னிரண்டு வயது அப்போய் கற்பனை மிகுந்தவன்; பாடத்தில் பின்தங்கியவன். தந்தை மணியம் உழைப்பாளி. மகன் படித்து முன்னேறவேண்டும் என்பதைத் தவிர வேறு கனவு இல்லாதவர். அந்தக் கனவைப் பிரம்பால் ஊட்டப் பார்ப்பவர். சிற்றப்பன்மார் இருவர்: போதைப் பழக்கத்தால் சிதைந்து மீள முயலும் பாலா, குண்டர் கும்பலில் சிக்கிய மெக்ஸிகோ. சிறுவனின் எதிரே மூன்று ஆண்கள், மூன்று வழிகள். அவர்களுள் நேர்வழியில் நிற்பவரே அவனை அதிகம் அடிப்பவர். தவறான வழியில் நிற்பவரே அவனோடு பரிவாகப் பேசுபவர். இந்த அமைப்பில்தான் படத்தின் உண்மை இருக்கிறது. எந்த அறிவுரையும் தராமலே, ஒரு பிள்ளை ஏன் அந்தப் பக்கம் சாய்கிறான் என்பதை அது விளங்கவைக்கிறது. அவனுடைய கற்பனையை அடையாளம் காணத் தவறும் இடங்களுள் பள்ளிக்கூடமும் ஒன்று. தமிழாசிரியர்கள் இப்படத்தைப் பார்க்கும்போது நெளிய நேரும் இடம் அது. அவர்கள் அவசியம் பார்க்கவேண்டியதற்குக் காரணமும் அதுவே.

கைம்முதல் குறைவு இப்படத்தில் என்ன செய்திருக்கிறது? பெயர்பெற்ற நடிகரை அமர்த்த இயலாமை, அறிமுகமற்ற முகங்களைத் தந்தது. அப்போயாக நடித்த ஹர்விந்த் ராஜிடம் சென்னைப் படச் சிறுவர்களின் முதிர்ந்த நகைச்சுவை இல்லை. அடிவாங்கும் பிள்ளையின் பார்வை இருக்கிறது. பெரிய அரங்கம் அமைக்க இயலாமை, உண்மையான பலகை வீடுகளின் நெருக்கத்தைத் தந்தது. கோடம்பாக்கத்துப் பாட்டும் நடனமும் இல்லாமை, இங்குள்ளோர் பேசும் தமிழைக் கேட்க இடம் தந்தது. மலாய்ச் சொல்லும் தோட்டத்து வழக்கும் கலந்த அந்தத் தமிழை, மேடைத் தமிழ் போற்றுவோர் கொச்சை என்று ஒதுக்கலாம். ஆனால் மணியம் செந்தமிழில் மகனைக் கண்டித்தால் அவர் மணியமாக இருக்கமாட்டார். இலக்கியத்தில் வட்டார வழக்கை ஏற்றுக்கொண்ட தமிழாசிரியர், திரையில் மட்டும் அதை மறுப்பதற்கு நியாயமில்லை.

படத்தில் குறை இல்லாமல் இல்லை. மூன்று ஆண்களின் கதையையும் ஒருங்கே சுமக்க முயல்வதால் சிறுவனின் கதை இடையிடையே மறைகிறது. மெக்ஸிகோவின் பகுதி, கும்பல் படங்களின் பழகிய தடத்தை அடிக்கடி மிதிக்கிறது. அங்கே மட்டும் பணம் போதவில்லையோ என்ற எண்ணம் பார்ப்பவருக்கு எழுகிறது. இது கூர்ந்து நோக்கத்தக்கது. அப்போயின் வீட்டுக்குள் நடப்பதைப் பார்க்கையில் அந்த எண்ணம் ஒருமுறையும் எழுவதில்லை. செலவு குறைவு எங்கே கண்ணுக்குப் படுகிறது எனின், படம் வேறொரு பெரிய படத்தை நினைவூட்டும் இடத்தில்தான். தன்னுடையதைச் சொல்லும் இடத்தில் அது ஏழ்மையாகத் தோன்றுவதில்லை. பெண்பாத்திரங்கள் போதிய அளவு வளராமையும் ஒரு குறையே. அதற்கும் பணத்துக்கும் தொடர்பு இல்லை.

'ஜகாட்' வெளியான அடுத்த ஆண்டு, 2016 ஜூலை 22 அன்று, பா. இரஞ்சித்தின் 'கபாலி' வந்தது. மலேசியத் தமிழரின் தோட்டத் துயரும் கும்பல் வன்முறையும் அதிலும் பொருளாயின. நாயகன் ரஜினிகாந்த். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றை இகழ்வது எளிது, பயனற்றது. 'கபாலி'யிலும் தொழிலாளர் வரலாற்றின் நிழல் நேர்மையோடு விழுகிறது. ஆனால் அப்படத்தில் மலேசியத் தமிழன் மீட்கப்படுகிறான். 'ஜகாட்' படத்தில் அவன் பார்க்கப்படுகிறான். இவ்விரண்டில் எதைப் பார்க்க மக்கள் முதல்நாள் அதிகாலையில் வரிசையில் நிற்பர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. திரையரங்குச் சீட்டுக்குப் படத்தின் செலவைப் பொறுத்து விலை வைப்பதும் இல்லை.

முடித்த படத்துக்கும் முடிவில்லாத தடைகள் உண்டு. 2016ஆம் ஆண்டு 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், சிறந்த படத்துக்கான போட்டி மொழியை வைத்துப் பிரிக்கப்பட்டது. தேசிய மொழிப் படங்கள் ஒரு பக்கம். 'ஜகாட்' உள்ளிட்ட பிற மொழிப் படங்கள் மறுபக்கம். இந்நாட்டு மண்ணில், இந்நாட்டுப் பணத்தில், இந்நாட்டுக் குடிமக்களைப் பற்றி எடுத்த படம் எந்நாட்டுப் படம் என்ற வினா எழுந்தது. முதற்குரல்களுள் ஒன்றை எழுப்பியவர் மூத்த மலாய் ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம். அவர் விழாவிலிருந்தே விலகினார். எதிர்ப்பு வலுத்தபின் அந்தப் பிரிவினை மாற்றியமைக்கப்பட்டது. தேசிய மொழிப் படத்துக்கென ஒரு பரிசு தனியே நிற்க, மலேசியாவின் சிறந்த படமாக 'ஜகாட்' தேர்வு பெற்றது.

இவ்வெற்றியால் பாயான் லெப்பாஸ் இளைஞனின் ஞாயிற்றுக்கிழமை எளிதாகிவிடவில்லை. அவனுக்குப் பணம் தருவோர் கிடைப்பது அரிது. அதைவிட அரிது, அரைகுறையாக நிற்கும் படத்தைப் பார்த்து ஒரு சொல் சொல்வோர் கிடைப்பது. எழுத்தாளர் கூட்டங்களில் அச்சேறாத சிறுகதையைப் படித்துக் காட்டி விவாதிக்கும் நல்வழக்கம் நெடுநாளாக உண்டு. முடியாத படத்தை அவ்வாறு ஒரு கூடத்தில் போட்டுப் பார்த்து, இந்தக் காட்சி வேண்டாம், இந்தப் பாத்திரம் இன்னும் பேசட்டும் என்று உரைக்கும் வழக்கம் வேரூன்றவில்லை. பாராட்டு விழாவுக்கு வரும் தமிழாசிரியர்கள், ஓராண்டு முன்னதாக வந்தால் அந்த இளைஞனுக்குப் பயன்படுவர்.

ராயின் படம் பணமின்றி முட்டுப்பட்டிருந்த காலத்தில், அமெரிக்க இயக்குநர் ஜான் ஹியூஸ்டன் தம் படம் ஒன்றுக்கு இடம் பார்க்கக் கல்கத்தா வந்தார். ராய் தம்மிடமிருந்த பகுதிகளில் சிலவற்றை அவருக்குத் திரையிட்டுக் காட்டினார். ஒலி சேர்க்கப்படாத துண்டுகள் அவை. நாணற்பூ வெளியில் அக்காளும் தம்பியும் ரயிலைக் காண ஓடும் காட்சி அவற்றுள் இருந்தது. பார்த்தவர், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தாரிடம் அதைப் பற்றி நல்ல சொல் சொன்னார். 1955ஆம் ஆண்டு மே மாதம், கல்கத்தா மக்கள் பார்ப்பதற்கு மூன்று மாதங்கள் முன்னதாக, 'பதேர் பாஞ்சாலி' முதலில் அந்த அருங்காட்சியகத்தில்தான் திரையிடப்பட்டது.